சொராரிட்டிக்குள் வேடமிட்டு நுழைய வேண்டுமா?

அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி கேட்டிருக்கிறார்: "எங்கள் மாணவர் பத்திரிகையிலிருந்து நானும் இன்னொரு நிருபரும், பத்திரிகைக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளாமல், ஆகஸ்ட் மாதச் சொராரிட்டி சேர்ப்பில் கலந்துகொள்ள நினைக்கிறோம். நிறமும் பணமும் அங்கே எப்படி வேலை செய்கின்றன என்று எழுத வேண்டும். இது நெறிப்படி சரியா? சட்டம் குறுக்கே வருமா?"

வேண்டாம் என்பதுதான் என் பதில். நெறியையும் சட்டத்தையும் பிறகு பார்ப்போம். அவற்றுக்கு முன்னால் மிகச் சாதாரணமான ஒரு காரணம் இருக்கிறது: நீங்கள் தேடும் செய்தி, நீங்கள் போய் உட்காரப்போகும் இடத்தில் இல்லை.

இந்த ஏற்பாடு பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொராரிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவியர் சங்கம். வளாகத்தில் இருப்பது அதன் கிளை. அதற்கு மேலே நாடு தழுவிய தலைமையகம். பக்கவாட்டில், படித்து முடித்துப் போன பிறகும் பிடியை விடாத முன்னாள் உறுப்பினர்கள். மரபாக வெள்ளையர்களுடையவையாக இருந்துவரும் பெரிய சங்கங்கள் உட்பட 26 சொராரிட்டிகள், 1902இல் தொடங்கிய தேசிய பான்ஹெலனிக் மாநாட்டின் உறுப்பினர்கள். கறுப்பினத்தவரின் ஒன்பது சங்கங்களுக்கு 1930இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் உருவான தனிக் கூட்டமைப்பு உண்டு; கமலா ஹாரிஸ் உறுப்பினராக இருக்கும் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா அதில் ஒன்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து தெற்காசியப் பெண்களுக்கான சொராரிட்டிகளும் வந்துவிட்டன.

நம் கேள்வி பான்ஹெலனிக் சேர்ப்பைப் பற்றியது. ரஷ் என்று எல்லோரும் சொல்லும் அந்த வாரத்தில் புது மாணவிகள் வீடு வீடாகப் போகிறார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் மட்டும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மாணவி தன் விருப்ப வரிசையைக் கொடுப்பார், கிளை தன் பட்டியலைக் கொடுக்கும், கணினி இரண்டையும் பொருத்தி மறுநாள் யார் எந்த வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும். கடைசிச் சுற்றில் அதிகபட்சம் இரண்டு வீடுகள் மிஞ்சும். அது முடிந்ததும் மாணவி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். தான் எழுதிக்கொடுத்த வீட்டிலிருந்து அழைப்பு வந்து அதை மறுத்தால், அடுத்த முதன்மைச் சேர்ப்பு வரை அந்த வளாகத்தில் வேறெந்தப் பான்ஹெலனிக் சொராரிட்டியிலும் அவர் சேர முடியாது.

இனி, இதில் வேடமிட்டுப் போகும் நிருபர் என்ன பார்ப்பார் என்று யோசியுங்கள். கதவு திறக்கும், பாட்டும் கைத்தட்டலும் கேட்கும், எந்த ஊர், என்ன படிப்பு, கோடையில் என்ன செய்தாய் என்று சிரித்த முகங்கள் கேட்கும். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பஜ்ஜியும் காபியும் கையில் இருக்கும்போது யாரும் மனதில் உள்ளதைச் சொல்வதில்லை. "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்துவிடுவார்கள். உண்மையான பேச்சு திரும்பிப் போகும் வண்டியில் நடக்கும். முடிவைச் சொல்பவர் பெரும்பாலும் அன்று வராத பெரியப்பாவாக இருப்பார். ரஷ்ஷில் அந்த வண்டி, கதவு சாத்தியபின் உறுப்பினர்கள் மதிப்பெண் போடும் அறை. அந்தப் பெரியப்பா, முன்னாள் உறுப்பினர். புது மாணவியாகப் போனவருக்கு இந்த இரண்டும் கண்ணில் படாது. தன்னை ஏன் பட்டியலிலிருந்து வெட்டினார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. யாருக்கும் காரணம் சொல்வதில்லை.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. இந்தத் துறையில் மாணவர் பத்திரிகை செய்த மிகப் பெரிய வேலை வேடமில்லாமல்தான் நடந்தது.

2013 செப்டம்பர் 11 அன்று அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழான தி கிரிம்சன் ஒயிட் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டது. எழுதியவர்கள் ஆபி கிரெய்ன், மேட் ஃபோர்டு என்ற இரு மாணவர்கள். அந்த ஆண்டின் தேதிக்குத் தனிக் கனம் உண்டு. 1963 ஜூன் 11 அன்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அதே பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்டர் அரங்க வாசலில் நின்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்களை மறிக்கப் பார்த்தார். ஐம்பது ஆண்டு கழித்து வகுப்பறைகளில் அந்தத் தடை இல்லை, சொராரிட்டி வீடுகளில் இருந்தது. கட்டுரையின் மையத்தில் இருந்தவர் அந்த ஆகஸ்ட்டில் சேர்ப்புக்கு வந்த ஒரு கறுப்பின மாணவி. பள்ளியில் முதல் வரிசை மதிப்பெண்கள், பல்கலைக்கழகத்தோடு நெருங்கிய குடும்பத் தொடர்பு. அவர் ஒரு வீட்டிலிருந்தும் அழைப்புப் பெறவில்லை.

இதுவரை வேடமிட்ட நிருபராலும் எழுதிவிட முடியும். "திறமையான பெண், அழைப்பு வரவில்லை." வீடுகள் என்ன பதில் சொல்லும்? எத்தனையோ பெண்களுக்கு வருவதில்லை, எங்களுக்கு இடம் குறைவு, பொருத்தம் அமையவில்லை. அத்தோடு கதை முடிந்துவிடும். கிரிம்சன் ஒயிட்டின் கட்டுரை முடியாமல் போனதற்குக் காரணம், மதிப்பெண் போடும் அறைக்குள் இருந்தவர்கள் பேசினார்கள். இளம் உறுப்பினர்கள் அந்த மாணவியைச் சேர்க்க விரும்பியதையும், முன்னாள் உறுப்பினர்கள் தலையிட்டுத் தடுத்ததையும் அவர்களே சொன்னார்கள். பலர் பெயர் வெளியிட வேண்டாம் என்றார்கள். ஆல்ஃபா காமா டெல்டாவின் உறுப்பினர் ஒருவர் மட்டும் தன் பெயரோடு பேசினார். அந்த ஒரு பெயர்தான் கட்டுரையை நிமிர்த்தி நிறுத்தியது என்பது என் கணிப்பு. பத்துப் பெயரற்ற குரல்களை வதந்தி என்று தள்ளலாம், பெயரோடு நிற்கும் ஒருவரைத் தள்ளுவது கடினம்.

அடுத்த சில நாட்களில் நடந்தவற்றைப் பாருங்கள். நாடு முழுவதும் செய்தியானது. பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் கிளைகளின் ஆலோசகர்களைக் கூப்பிட்டு, சேர்ப்பை மீண்டும் திறக்கச் சொன்னார். செப்டம்பர் 18 அன்று மாணவர்களும் பேராசிரியர்களும் நிர்வாகக் கட்டிடத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அந்த வாரத்திற்குள்ளேயே 11 கறுப்பின மாணவிகளுக்கு அழைப்புகள் போயிருந்தன. ஐம்பது ஆண்டாக ஆட்டம் காணாத வழக்கம் என்று எல்லோரும் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்த ஒன்று, பத்து நாளில் அசைந்தது.

இன்னொரு வழக்கு இண்டியானாவின் டிபாவ் பல்கலைக்கழகம். 2006 இறுதியில் டெல்டா ஜீட்டா தலைமையகம் அங்கிருந்த கிளையின் 35 உறுப்பினர்களை நேர்காணல் செய்து, 23 பேரை வீட்டைக் காலி செய்யச் சொன்னது. சொல்லப்பட்ட காரணம், ஆள் சேர்ப்பில் ஈடுபாடு போதாது என்பது. வெளியேற்றப்பட்டவர்களில் பருமனான பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், கிளையில் இருந்த கறுப்பின, கொரிய, வியட்நாமியப் பெண்களும் இருந்தார்கள். தங்கச் சொன்ன 12 பேரில் ஆறு பேர் வெறுத்துப்போய் வெளியேறினார்கள். 2007 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது, அடுத்த மாதமே பல்கலைக்கழகம் அந்தச் சொராரிட்டியோடு உறவை முறித்துக்கொண்டது. இதற்கு யாராவது ஒளிந்து போக வேண்டியிருந்ததா? தலைமையகம் அனுப்பிய கடிதமும், இரண்டு பட்டியல்களும், கோபத்தில் இருந்த பெண்களும் போதுமானதாக இருந்தன.

நெறி பற்றிய கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கத் தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கத்தின் நெறிமுறை, பொதுமக்களுக்கு இன்றியமையாத தகவல் வெளிப்படையான வழிகளில் கிடைக்காது என்றால் ஒழிய மறைமுக வழிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. வேடமே கூடாது என்று அது சொல்லவில்லை. நெல்லி பிளை 1887இல் மனநோயாளி போல நடித்து நியூயார்க்கின் பிளாக்வெல் தீவு மனநல விடுதிக்குள் போனதை இன்றும் கொண்டாடுகிறோம். அங்கே அடைபட்டிருந்த பெண்களின் சொல்லை வெளியே யாரும் நம்பவில்லை, அதனால் வேறு வழி இல்லை. 1977இல் சிகாகோ சன்-டைம்ஸ் லஞ்சம் வாங்கும் ஆய்வாளர்களைப் பிடிக்க மிராஜ் என்று ஒரு மதுக்கடையையே வாங்கி நடத்தியது. அருமையான தொடர்தான். ஆனாலும் ஏமாற்றிப் பெற்ற செய்தி என்பதால் புலிட்சர் பரிசு கைநழுவியது. சொராரிட்டி உறுப்பினர்களோ பூட்டிய அறையில் கிடப்பவர்கள் அல்ல. உங்களோடு அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டுப் பார்க்காமலேயே "வெளிப்படையான வழி இல்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது.

உங்கள் ஆசிரியர் குழுவில் யாராவது கெட்டிக்காரர் இருந்தால் ஒரு வலுவான எதிர்வாதம் வைப்பார்: இணைச் சோதனை. 2019 நவம்பரில் நியூஸ்டே நாளிதழ் லாங் ஐலண்டின் வீட்டு முகவர்களைப் பற்றி வெளியிட்ட புலனாய்வு அப்படிப்பட்டது. 25 சோதனையாளர்கள், வெள்ளையர் ஒருவர், சிறுபான்மையினர் ஒருவர் என்று இணையாக, ஒரே வருமானம், ஒரே தேவை என்று சொல்லிக்கொண்டு 93 முகவர்களிடம் போனார்கள், மறைத்து வைத்த கேமராவோடு. கறுப்பினச் சோதனையாளர்கள் 49 சதவீதச் சோதனைகளில் வேறுபாடாக நடத்தப்பட்டார்கள் என்று வெளிவந்தது. "அதையே நாமும் செய்தால் என்ன? ஒரு வெள்ளை மாணவி, ஒரு கறுப்பின மாணவி, ஒரே மதிப்பெண்."

கவர்ச்சியான யோசனை. ஆனால் நியூஸ்டேயின் கணக்கு நின்றதற்கு 86 இணைச் சோதனைகள் காரணம். உங்களிடம் இருப்பது ஒன்று. வீட்டு முகவருக்கு முன் இரண்டு பேரை ஒரே மாதிரி நிறுத்திவிடலாம்: வருமானம், முன்பணம், எத்தனை அறை. ரஷ்ஷில் எடைபோடப்படுவது முகம், பேச்சு, உடை, எந்தப் பள்ளி, அம்மா எந்தச் சொராரிட்டி, தொலைபேசியில் என்ன படம் போட்டிருக்கிறாய் என்பவை. இவற்றில் ஒரே மாதிரி இரண்டு பத்தொன்பது வயதுப் பெண்களை எங்கே தேடுவீர்கள்? தவிர, வீட்டு முகவர் நிறம் பார்த்தால் அது நேரடியான சட்டமீறல். சொராரிட்டி தனியார் சங்கம். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் ஒன்பது சட்டம்கூட, 1974இல் வந்த திருத்தத்தின்படி, அவற்றின் உறுப்பினர் சேர்ப்பைத் தொடுவதில்லை. "பிடிக்கவில்லை" என்ற ஒரு சொல் அவர்களுக்குப் போதும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை உள்ளே இருந்தவர் மட்டுமே சொல்ல முடியும்.

தீங்கு யாருக்கு என்ற கேள்வியை மாணவ நிருபர்கள் அடிக்கடி தவற விடுகிறார்கள். சங்கத்துக்குத்தானே, அது தாங்கிக்கொள்ளும் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிளை எத்தனை பேரைத் திரும்ப அழைக்கலாம் என்பதற்குக் கணக்கிட்ட வரம்பு உண்டு. சேர எண்ணமே இல்லாத உங்கள் நிருபருக்குக் கிடைக்கும் ஒவ்வோர் அழைப்பும், சேர ஆசைப்பட்டு வந்த வேறொரு பெண்ணுக்குக் கிடைக்காமல் போன அழைப்பாக இருக்கலாம். கடைசிச் சுற்று இன்னும் மோசம். பல வீடுகளில் விளக்கைத் தணித்துவிட்டு, உறுப்பினர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, இந்த வீடு தன்னை எப்படித் தாங்கியது என்று சொல்வார். அப்பா இறந்தது, நோய், தற்கொலை எண்ணம் என்று எதுவும் வரலாம். அதை ஒரு நிருபரிடம் சொல்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எழுதாமல் விட்டுவிடுவேன் என்பீர்கள். கேட்டது கேட்டதுதான்.

கெவின் ரூஸ் என்ற பிரவுன் பல்கலைக்கழக மாணவர் 2007இல் ஒரு பருவம் முழுவதும், பழமைவாதக் கிறிஸ்தவப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் நிறுவிய லிபர்டி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தான் எழுதப்போவதைச் சொல்லாமல் படித்தார். அது பிறகு புத்தகமானது. அவருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: முடிந்த பிறகு திரும்பிப்போய் அங்கிருந்த நண்பர்களிடம் உண்மையைச் சொன்னார். ஆனால் அவர் சொல்லிவிட்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். நீங்கள் ஏமாற்றியவர்களோடு இன்னும் இரண்டு ஆண்டு அதே உணவுக்கூடத்தில் வரிசையில் நிற்கப்போகிறீர்கள். அவர்களில் ஒருவரிடம் அடுத்த செய்திக்குப் போய் நிற்க வேண்டிவரும்போது, உங்கள் பத்திரிகையிலிருந்து வரும் எவரையும் அவர் நம்பமாட்டார்.

வளாகத்தின் மனநிலையையும் கணக்கில் எடுங்கள். 2021இல் அலபாமாவின் ரஷ் காணொளிகள் டிக்டாக்கில் பெருவெள்ளமாகப் பரவின. 2022 ஆகஸ்ட்டில் ஓர் ஆவணப்படக் குழு புது மாணவிகளுக்கு ரகசிய மைக் மாட்டி அனுப்புகிறது என்று வதந்தி கிளம்பியது. குழு மறுத்தது. அதற்குள் ஒரு மாணவி மைக் அணிந்திருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டார். அது வெறும் முடிகட்டும் பட்டை என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. உளவாளி இருக்கிறார் என்ற பேச்சு வந்தால் முதலில் அடிபடுவது உளவாளி அல்ல.

சட்டம். ரகசியமாகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். அலபாமா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் உரையாடலில் இருக்கும் ஒருவர் சம்மதித்தால் ஒலிப்பதிவு செய்யலாம், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, பென்சில்வேனியா, வாஷிங்டன் மாநிலங்களில் எல்லோருடைய சம்மதமும் வேண்டும், மீறினால் குற்றம். ஒருவர் சம்மதம் போதும் என்ற மாநிலத்திலும், கருவியை அறையில் வைத்துவிட்டு வெளியே வந்தால் அது ஒட்டுக்கேட்பு. சொராரிட்டி வீடு பெண்கள் குடியிருக்கும் வீடு என்பதையும் மறக்கக் கூடாது. லைஃப் இதழின் நிருபர்கள் ஒரு போலி வைத்தியரின் வீட்டுக்குள் மறைத்த கேமராவோடும் மைக்கோடும் போன வழக்கில், 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்திரிகைச் சுதந்திரம் பிறர் வீட்டுக்குள் கருவியோடு ஊடுருவ உரிமம் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

மற்றொன்று ஃபுட் லயன் வழக்கு. ஏபிசி தொலைக்காட்சியினர் 1992இல் பொய் விவரம் கொடுத்து அந்த மளிகைக் கடைகளில் வேலைக்குச் சேர்ந்து படம் எடுத்தார்கள். நடுவர் குழு 55 லட்சம் டாலர் தண்டத்தொகை விதித்தது. 1999இல் மேல்முறையீட்டில் மிஞ்சியது இரண்டே டாலர். ஊடகத்துக்கு வெற்றி என்று இதைச் சொல்பவர்கள், ஏழு ஆண்டு வழக்கறிஞர்களுக்குக் கொடுத்த பணத்தைச் சொல்வதில்லை. அத்துமீறலும் விசுவாச மீறலும் நடந்தன என்பதை அந்த நீதிமன்றமும் மறுக்கவில்லை. மாணவர் பத்திரிகைக்கு ஏபிசியின் கஜானா கிடையாது. பல்கலைக்கழகத்தின் நடத்தை விதிகளில் பொய்த் தகவல் தருவது பற்றி ஒரு பிரிவு கட்டாயம் இருக்கும். கட்டுரை வந்த மறுநாள் அதைத்தான் உங்கள் மேல் எடுத்து வீசுவார்கள். எதைச் செய்வதற்கு முன்பும் 1974 முதல் மாணவப் பத்திரிகையாளர்களுக்கு இலவசச் சட்ட உதவி தரும் மாணவர் பத்திரிகைச் சட்ட மையத்தை ஒருமுறை தொடர்புகொள்ளுங்கள்.

சரி, எப்படி எழுதுவது? பணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றால் வேடத்தைவிட வரிப் படிவம் நன்றாகப் பேசும். சொராரிட்டித் தலைமையகங்களும், வீடுகளை நடத்தும் முன்னாள் உறுப்பினர்களின் கழகங்களும் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் 990 படிவம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. வரவு, செலவு, சொத்து, பொறுப்பாளர்கள் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் வளாகத்தில் அந்த வீட்டின் கடிவாளம் எந்த முன்னாள் உறுப்பினர்களின் கையில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். வீடு பல்கலைக்கழக நிலத்தில் இருந்தால் குத்தகைப் பத்திரத்தைக் கேளுங்கள். உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம். சங்கங்களைக் கவனிக்கும் அலுவலகத்தின் மின்னஞ்சல்களும் சேர்ப்புப் புள்ளிவிவரங்களும் மாநிலத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கத்தக்கவை. 2024 டிசம்பரில் கையெழுத்தான வளாக ராகிங் தடுப்புச் சட்டம், எந்தச் சங்கம் எப்போது விதி மீறியது என்று கல்வி நிறுவனங்கள் பொதுவில் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. அதையும் எடுத்து வையுங்கள்.

ஆட்களைப் பொறுத்தவரை, இப்போது உறுப்பினராக உற்சாகத்தோடு இருப்பவரிடம் தொடங்காதீர்கள். விலகியவர்கள், நான்காம் ஆண்டில் இருப்பவர்கள், சேர்ப்பு வாரத்தில் புது மாணவிகளுக்கு வழிகாட்டியாகத் தங்கள் வீட்டிலிருந்து தற்காலிகமாக விலகி இருந்தவர்கள் ஆகியோருக்கு இழக்க ஒன்றும் இல்லை, சொல்ல நிறைய இருக்கும். இரண்டு வெவ்வேறு வீடுகளிலிருந்து தனித்தனியாக உறுதி கிடைக்காத எதையும் அச்சில் ஏற்றாதீர்கள். பெயர் வேண்டாம் என்பவரின் பெயர் உங்களுக்கும் ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் பெயரோடு பேசுவீர்களா என்று ஒருமுறையாவது கேளுங்கள். உங்கள் குழுவில் சொராரிட்டி உறுப்பினர் யாராவது இருந்தால் இந்தக் கட்டுரையிலிருந்து அவரை விலக்கி வையுங்கள்.

வீட்டுக்குள் நடப்பதைக் காட்சியாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அதற்கும் வழி உண்டு. 2004இல் இந்த உலகைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு பத்திரிகையாளர், முதலில் தேசிய அமைப்புகளிடம் வெளிப்படையாக அனுமதி கேட்டார். மறுத்த பிறகு, தான் யார் என்பது தெரிந்தே ஒத்துழைத்த நான்கு உறுப்பினர்களை ஒரு கல்வியாண்டு பின்தொடர்ந்தார். சுற்றியிருந்த மற்றவர்களிடம் மறைத்தார் என்பதால் அதையும் முழுக்க நேர்மையானது என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: உண்மையிலேயே சேரப்போகிற மூன்று நான்கு புது மாணவிகளைப் பிடித்து, தினமும் இரவு தங்களுக்கு நடந்ததைத் தாங்களே சொல்லச் சொல்லுங்கள். அது அவர்களுடைய அனுபவம், சொல்வதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அழைப்பு நாள் முடியும் வரை ஒரு வரிகூட வெளியிடாதீர்கள். முன்னதாக வந்தால் அந்தப் பெண்களை அடையாளம் கண்டு வெட்டிவிடுவார்கள். அழைப்புக் கிடைக்காதவர்களின் பெயரைப் போடாதீர்கள். கிரிம்சன் ஒயிட்டும் தன் கட்டுரையில் அந்த மாணவியின் பெயரை அச்சிடவில்லை.

தகவல் உரிமைக் கடிதங்களை மட்டும் மே மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். கோடையில் அந்த அலுவலகங்களில் பதில் வர வாரக்கணக்கில் இழுக்கும், ஆகஸ்ட் வந்துவிட்டால் "சேர்ப்பு வேலையில் இருக்கிறோம்" என்பார்கள்.